அடுத்த பாட்டு எத்னாவுக்கு

கில்மோர்னா,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள எத்னா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் அந்த மேயோ ஊர்ப் பெண்ணுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்து எரித்துவிடு. வீட்டுக்கு போன் செய்து இதைப் பற்றிக் கேட்கவும் கேட்காதே. உனக்கு ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். விஷயம் தெரிந்தால் நீ பரீட்சையை விட்டுவிட்டு அடுத்த கப்பலிலேயே ஏறி வந்துவிடுவாய் என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடாதே அக்கா. வார்டில் நோயாளிகள் கெஞ்சிக் கேட்டாலும் பாடாதே. குளிக்கும்போது பாடாதே. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் முணுமுணுக்கவும் வேண்டாம். பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டே படி, பரவாயில்லை. ஆனால் கடைசி வரைக்கும் படி.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. நம் பப்பின் இசைக் கொண்டாட்டத்துக்கு இந்த வருடம் வந்த கூட்டம் எந்த வருடமும் வந்ததில்லை. கால்வேயிலிருந்து ஒரு வேன் நிறைய வாத்தியக்காரர்கள், கெர்ரியிலிருந்து ஒரு புல்லாங்குழல் தம்பதி, யாரென்று தெரியாத இரண்டு ஜெர்மன்காரப் பையன்கள். அம்மா காலையிலிருந்து ஹாம் வேகவைத்தாள். சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவித் தடவி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். பாக்கி லில்லிஸ் வழக்கம்போல முதல் ஆளாக அக்கார்டியனோடு வந்து உட்கார்ந்து, "பார்ட்லி, சட்டைக் காலர்ல விலைச் சீட்ட கிழிக்க மறந்துட்டியேப்பா" என்றார். அப்பா நிஜமாகவே கழுத்தைத் தடவிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்படித்தான் அக்கா, சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த மனிதர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. பாட்டு மூலையில், கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு. நாற்பது வயது என்றாலும் நம்பலாம், எழுபது என்றாலும் நம்பலாம். கால்வேக்காரர்கள் அவரை இந்த ஊர்க்காரர் என்று நினைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அவர் கால்வே வேனில் வந்தவர் என்று நினைத்திருக்கிறார்கள். இது மறுநாள்தான் தெரிந்தது. யாரோ அவருக்கு ஒரு பைண்ட் கறுப்பு பியர் வாங்கி வைத்திருந்தார்கள். காலி டம்ளர் பொறுக்க நான் அந்தப் பக்கம் போன ஒவ்வொரு தடவையும் அது அப்படியே இருந்தது. குடிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு, அது பெரிதில்லை. ஆனால் அதன் நுரை கூட அடங்கவில்லை அக்கா. அப்போதுதான் ஊற்றியது போல நின்றது.

வாத்தியங்கள் ஓய்ந்து பாட்டு நேரம் வந்ததும் அப்பா பாட்டு மூலையின் விளக்கைப் போட்டார். "சரி, யாரு ஆரம்பிக்கிறீங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அந்த மனிதர் பாட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பாட்டைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கேயோ கேட்ட பாட்டு என்று எல்லாருக்கும் தோன்றியது. தன் அம்மா அடுப்படியில் பாடியது என்று பாக்கி அடித்துச் சொன்னார். கெர்ரிக்காரர் தன் ஊர்ப் படகுத்துறையில் கேட்டது என்றார். ஆனால் பாட்டு முடிந்ததும் ஒருவருக்கும் ஒரு வரி கூட நினைவில் இல்லை. கால்வேயிலிருந்து வந்திருக்கும் நோரீன் ஃபாஹி ஒரு தடவை கேட்டால் எந்த மெட்டையும் அப்படியே பிடிலில் எடுத்துவிடுவார். அவர் வில்லைத் தூக்கிக்கொண்டு யோசித்தார், யோசித்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். நான் கவனித்தது வேறு. கோயில் பாட்டுக் குழுவில் நிற்பவள் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். அந்த மனிதர் வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சே எடுக்கவில்லை.

நம் பப்பின் வழக்கத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடி முடித்தவர் கையில்தான் அழைப்பு இருக்கும். அவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் அடுத்துப் பாட வேண்டும். குரல் கழுதை மாதிரி இருந்தாலும் பாட வேண்டும், மறுக்கக்கூடாது. கடைசியில் அப்பா மூலை விளக்கை அணைத்தால் அன்றைய அழைப்பு அதோடு போயிற்று. எவர் கையில் இருந்தாலும் சரி, மறுநாள் புதிதாகத் தொடங்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா விளக்கை அணைக்காமல் படுக்கப் போனதில்லை.

அந்த மனிதர் கூட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல், பள்ளியில் பெயர் கூப்பிடுவது போல, "மலக்கி டுப்ரிடி" என்றார்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மலக்கி பாடியதை யார் கேட்டிருக்கிறார்கள்! பால் கேன் வண்டியை ஓட்டிக்கொண்டு தானுண்டு தன் மாடுண்டு என்று இருப்பவர். பாக்கி, "பாத்துப் பாடு மலக்கி, தொண்டையில செலந்தி கூடு கட்டியிருக்கப் போவுது" என்று கத்தினார். மலக்கி காது வரை சிவந்துபோய், தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு பாடினார். அக்கா, அவ்வளவு நன்றாகப் பாடினார். எல்லாரும் மலக்கியையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த நாற்காலி எப்போது காலியானது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

மலக்கி, தபால் நிலையத்து டெஸ் பெயரைச் சொன்னார். டெஸ் கையை உதறி, "ஐயோ, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, இன்னிக்கு விட்டுடுங்க" என்றார். கடை மூடும் நேரமும் ஆகிவிட்டது. அப்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாளும் கூட்டத்தை இழுக்க வேண்டும் அல்லவா? கவுண்டரில் ஓங்கித் தட்டி, "யாரும் கவலப்படாதீங்க. நாளைக்கு மொதப் பாட்டு டெஸ்ஸோடது. அதுவரைக்கும் வெளக்கு எரியட்டும்" என்று அறிவித்தார். எல்லாரும் விசில் அடித்தார்கள். விளக்கு இரவெல்லாம் எரிந்தது. அப்பாவைத் திட்டாதே. நானும் அப்போது கை தட்டினேன்.

சனிக்கிழமை காலை மலக்கியின் அக்கா மகன் சைக்கிளில் வந்து சொன்னான். மலக்கி மாட்டுக்கொட்டகையில், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாடுகள் கறக்காமல் கத்திக்கொண்டிருந்தன. டாக்டர் இதயம் என்றார். குளிர் என்றார். அம்மா அங்கே போய்க் குளிப்பாட்ட உதவிவிட்டு வந்து, சமையலறையில் அத்தை ஒருத்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "வாய மூடவே முடியல. கட்டிப் பாத்தோம், நிக்கல. பாடறவங்க அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பாங்க பாரு, அந்த மாதிரி இருந்துச்சு."

கடையை மூடத்தான் அப்பா நினைத்தார். ஆனால் மலக்கியின் அக்காவே ஆள் அனுப்பினார், வாசிப்பை நிறுத்தினால் என் தம்பி என்னை மன்னிக்க மாட்டான், அவனுக்காக வாசியுங்கள் என்று. அதனால் சனிக்கிழமை மாலையும் எல்லாரும் வந்தார்கள். மெதுவான மெட்டுகளாக வாசித்தார்கள். பிறகு எல்லாரும் டெஸ்ஸைப் பார்த்தார்கள். மலக்கியின் கடைசி அழைப்பு அவர் கையில் இருந்தது. செத்தவரின் அழைப்பை எப்படி மறுப்பது? டெஸ் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு பாடினார். தொண்டைக்கட்டு இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றுவது போல வந்தது குரல். பாதியில் அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணை நான் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்க முடியாமல் போனவர்களுக்குத்தான் அப்படிப் பார்வை இருக்கும்.

முடிந்ததும் அவர் உடனே யார் பெயரையும் சொல்லவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகள், கிழவர்கள், கோட்டு மாட்டியின் பக்கத்தில் டம்ளர்த் தட்டோடு நின்ற நான். என்மேல் அவர் கண் நின்றது. பிறகு எதையோ கண்டுபிடித்துவிட்டது போல அவர் முகம் லேசானது. "எத்னா ஹைன்ஸ்" என்றார்.

"அட, எத்னா கடலுக்கு அந்தாண்ட இருக்காளே!" என்றார் பாக்கி. "தெரியும், தெரியும்" என்று டெஸ் சிரித்தார். "அவதான் இங்க இல்லையே. அதனால அழைப்பு இதோட முடிஞ்சுது. வெளக்க அணைச்சிடு பார்ட்லி."

உனக்குப் புரிகிறதா அக்கா? அவர் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அந்த அறையில் இருந்த எல்லாரையும் காப்பாற்றத்தான் தூரத்தில் இருக்கும் ஒரு பெயரைத் தேடி எடுத்தார். உன்னை அது எட்டாது என்று நினைத்தார். அவரைத் தப்பாக நினைக்காதே. ஆனால் அப்பாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. உன் பெயரைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கடல் என்ன கடல்! எம்பொண்ணு அடுத்த மாசம் வர்றா. வந்ததும் இங்க நின்னு பாடுவா. அதுவரைக்கும் இந்த அழைப்பு அவளுக்குன்னே இருக்கும், வெளக்கும் எரியும்" என்றார். டெஸ் அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, "வேணாம் பார்ட்லி, சொன்னா கேளு, அணைச்சிடு" என்று சொல்லிப் பார்த்தார். கைதட்டலில் அது யாருக்குக் கேட்டது!

போகும்போது டெஸ் என்னை வாசல் பக்கம் இழுத்து, "உங்கக்காவுக்கு எழுது. பாட வேணாம்னு சொல்லு. எதையும் பாட வேணாம்னு சொல்லு" என்றார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. சரி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை.

இன்று காலைப் பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்க டெஸ் வரவில்லை. ஃபாதர் கார்வன் பீடத்திலிருந்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்ததும் பெண்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். நான் உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தேன், பார்த்திருக்கக்கூடாது. அவர் வாயும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே மூலைக்குப் போய் விளக்கை அணைத்தார். பிறகு அந்த நாற்காலியைத் தூக்கிக் கொல்லையில் போட்டார். பகலில் பாக்கி பின்கதவு வழியாக வந்து, சமையலறையில் நின்றுகொண்டு, "அது அப்படிப் போவாது பார்ட்லி. அன்னன்னிக்கு அணைச்சா சரி. நீ அதப் பேரு சொல்லி நிறுத்தி வெச்சுட்ட. இனிமே யாராச்சும் பாடிப் பதில் சொல்லித்தான் ஆவணும்" என்றார். அப்பா அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். அப்பா ஒருவரைத் தள்ளி நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் சத்தியம் வாங்கினார்.

அப்போதும் நான் பாதிதான் நம்பினேன். இரண்டு பேருக்கு இதயம் நின்றது, வயதானவர்கள், குளிர், டாக்டர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நீ போன் செய்தாய்.

நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா உன்னிடம் வானிலை, பரீட்சை, கம்பளிச் சாக்ஸ் என்று எதையெதையோ பேசினாள். டெஸ் போனதைச் சொல்லவில்லை. வைத்துவிட்டுத் திரும்பியவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "நல்லா இருக்கா. பேச்சுக்கு நடுவுல பாடிக்கிட்டே இருந்தா" என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். அம்மா வாயைத் திறந்தாள். யோசித்தாள். "எனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டுதான்டி. எங்க கேட்டேன்னுதான் ஞாபகம் வரல" என்றாள். சொல்லும்போதே அவள் சிரிப்பு போய்விட்டது. கதவோரம் அப்பா நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அது வேறு ஏதாவது சாதாரணப் பாட்டு என்று எனக்கு எழுது அக்கா. அங்கே ரேடியோவில் வந்தது என்று எழுது. அப்படி இல்லாவிட்டாலும் அப்படித்தான் என்று எழுது.

இன்று சாயங்காலம் கூட்டம் வந்தது. கடைசி நாள், ஊர் திரும்ப வேண்டியவர்கள், வேறு எங்கே போவார்கள்? ஃபாதர் கார்வன் முதலில் ஜெபமாலை சொன்னார். பிறகு வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் யாரும் பாடவில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பகலெல்லாம் சொன்ன ஃபாதர் கார்வன் கூட, வருடா வருடம் பாடும் தன் ஒரே பாட்டைப் பாடாமல், "இருமலா இருக்கு" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். யாரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பியர் வாங்க வந்தவர்கள் கூட அப்பாவின் கையைப் பார்த்துப் பேசினார்கள்.

கடைசியில் பாக்கிதான் ஆரம்பித்தார். நிறையக் குடித்திருந்தார். "பார்ட்லி, உன் வீட்டு மேல ஒரு அழைப்பு நிக்குது" என்றார். யாரோ, "சும்மா இரு பாக்கி" என்றார்கள். "நான் சும்மா இருந்தா அது சும்மா இருக்குமாடா? அந்தப் பொண்ணு அங்க தனியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாக்கி அழ ஆரம்பித்தார்.

அப்பா கையைத் துடைத்தார். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, கவுண்டரின்மேல் வைத்தார். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சமையலறை வாசலில் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மூலைக்குப் போய் விளக்கைப் போட்டார். திரும்பி நின்று வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "எத்னா ஹைன்ஸுக்குப் பதிலா நான் பாடறேன்."

நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்துப் பாட்டைப் பாடினேன். வாத்துகளைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவள் வழியில் ஒவ்வொன்றாகத் தொலைப்பாளே, அது. இருப்பதிலேயே சிரிப்பான பாட்டு அதுதான். இவ்வளவு அசட்டுப் பாட்டைப் பாடிவிட்டு யாரும் சாக மாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் வரிக்குக் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. என் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீ எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாய். இன்று அது உன் குரல் மாதிரி இருந்தது. உன்னைவிட நன்றாகவும் இருந்தது. மூன்றாவது வாத்து தொலையும் இடத்தில்தான் கவனித்தேன். பாட ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு மூச்சு கூட எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நிறுத்தப் பார்த்தேன். பாட்டுதான் போய்க்கொண்டே இருந்தது.

முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏனென்றால் அழைப்பு இப்போது என் கையில் இருந்தது.

அந்த நேரம் எவ்வளவு கொடுமையானது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்! டெஸ் பார்த்தது போலவே நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கதவோரம் ஜெரார்டு மொரோனி நின்றுகொண்டிருந்தான். உன்னை அவன் அழவைத்ததெல்லாம் எனக்குத் தெரியும். அவன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவன் தன் பெண்டாட்டியின் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி முழித்துக்கொண்டிருந்தான். முடியவில்லை அக்கா. அவனைக் கூட முடியவில்லை.

அதனால், "மொதல்ல பாடினவரு" என்றேன்.

"பேரு சொல்லணும் கண்ணு" என்றார் பாக்கி. பயத்தில் அவர் போதை இறங்கியிருந்தது. பேர் தெரியாது, வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதலில் பாடியவர், அவரைத்தான் கூப்பிடுகிறேன் என்றேன். அழைத்தால் யாரும் மறுக்கக்கூடாது, அதுதானே வழக்கம்? அவருக்கும் அதுதானே வழக்கம்? நோரீன் ஃபாஹி சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா விளக்கின் மேல் பாய்ந்து அணைத்தார். கடைசி டிரிங்க் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதி குடித்த டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். நம் பப்பில் அப்படி நடந்ததே இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஏண்டி இப்படிப் பண்ண" என்று ஒரு தடவை கேட்டார். அம்மா பால் காய்ச்சிக் கொடுத்தாள். தீர்த்தத்தை என் தலையிலும் கட்டிலிலும் ஜன்னலிலும் தெளித்தாள். இப்போது அப்பா மாடிப்படியின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா கடைசிப் படியில் ஜெபமாலையோடு இருக்கிறாள். அவர்களைத் தாண்டி யாரும் மேலே வர முடியாது. கதவையும் உள்ளே தாழிட்டுவிட்டேன்.

அந்த மனிதர் வந்து மறுபடியும் பாடினால் அழைப்பு மறுபடி அவர் கைக்குத்தானே போகும் என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். கேட்க ஆள் இல்லாமல் பாடினால் அது பாட்டு இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காதுவலிக்கு அம்மா வைக்கும் பஞ்சை இரண்டு காதிலும் நன்றாக அடைத்திருக்கிறேன். மேலே கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டிருக்கிறேன். பார்த்தால் நீ சிரிப்பாய். ஒரு சத்தமும் கேட்கவில்லை. பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கூடக் கேட்கவில்லை. அவ்வப்போது ஜன்னல் கண்ணாடியில் ஊதிப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. கண்ணாடி மங்குகிறது. கொஞ்சம் முன்பை விடக் குறைவாக மங்குகிறதோ என்று தோன்றுகிறது, ஆனால் அறை சூடாகியிருக்கலாம்.

தபால் நிலையம் திறக்க ஆள் இல்லை. விடிந்ததும் நோரீன் ஃபாஹி கால்வேக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்து அங்கிருந்து அனுப்பச் சொல்வேன். என் நீலக் கோட்டு உனக்கு இறுக்கமாக இருக்காது, எடுத்துக்கொள். கணக்குப் பாடத்தில் நான் தேறிவிட்டேன், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீ சொல்லிவிடு. அப்பாவைக் குறை சொல்லாதே. ஒரு நாளும் சொல்லாதே. நீ நன்றாகப் படித்து, முழுக்கைச் சட்டை போடும் தலைமை நர்ஸாகி, நூறு வயது வரை இருக்க வேண்டும். நீ பக்கத்தில் இல்லாமல் இந்த வீடு எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். எதுவும் உன்னை வந்து எட்டாமல் இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள தங்கை,
டிம்ப்னா.

மறந்துவிட்டேன், இன்னும் ஒன்று. இங்கிருந்து என்ன செய்தி வந்தாலும் நீ கிளம்பி வராதே. என்னைப் பற்றி வந்தாலும் வராதே. அடக்கத்துக்கு வந்தால் பாடச் சொல்வார்கள், நீ மறுக்க மாட்டாய், உன்னை எனக்குத்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்ட மாட்டாள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அப்பாவும் அப்படித்தான். அக்கா, பஞ்சு இன்னும் காதில்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அது மட்டும்